ஆடுபுலி ஆட்டமும் கூடைப்பந்துத் தடுப்பாட்டமும்

பள்ளிகளுக்கு இடையே நடக்கும் கூடைப்பந்துப் போட்டி ஒன்றைப் போய்ப் பாருங்கள். எதிரணிப் பையன் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் கோட்டுக்கு வெளியே ஒரே சத்தம்தான்: "பிடுங்குடா! பந்தைப் பிடுங்கு!" பெற்றோர் கத்துவார்கள், பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் கத்துவார்கள், சில இடங்களில் பயிற்சியாளரே கத்துவார். உள்ளே நிற்கும் பதினோரு வயதுப் பையன் கையை நீட்டிப் பாய்வான். பந்து வைத்திருப்பவன் அதை அடுத்த கைக்கு மாற்றி, பக்கவாட்டில் நழுவி, ஆளே இல்லாத ரிங்கடியில் நிதானமாகப் போட்டுவிட்டுத் திரும்புவான். அப்புறம் திட்டு விழும்: "ஏன்டா டிஃபென்ஸ் பண்ணல?"

பாவம், அவன் சொன்ன பேச்சைக் கேட்டவன். பிடுங்கு என்றார்கள், பிடுங்கப் போனான். தடுப்பாட்டம் என்றால் என்ன என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பத்து முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பயிற்சி தருகிறேன். "ஷூட்டிங்தான் கத்துக்கணும், டிஃபென்ஸ் எல்லாம் மனசு இருந்தா தானா வரும்" என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறேன். உயரம் இருந்தால் போதும் என்பார்கள் சிலர், வேகம் இருந்தால் போதும் என்பார்கள் வேறு சிலர். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. லே-அப் (ஓடி வந்து ரிங்கடியில் பந்தைப் போடுவது) போடுவதை எப்படி அடி அடியாகச் சொல்லித்தருகிறோமோ, அப்படியே சொல்லித்தரக்கூடிய வித்தைதான் இதுவும். குள்ளமான, ஒல்லியான பிள்ளைகள் இதில் தேறி வருவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். இதற்குள் இருக்கும் கணக்கு பிடிபட வேண்டுமானால், பந்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும்.

## ஆடுகள் ஜெயிப்பது எப்படி?

ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆட்டுக்கோ வெட்டும் உரிமையே இல்லை. இருந்தும் ஆடுகள் ஜெயிக்கின்றன. மூன்று புலிகளுக்கும் நகர இடமில்லாமல் சுற்றி அடைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

புலி எந்த ஆட்டை வெட்டும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த ஆட்டுக்கு நேர் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருக்கிறதோ, அதைத்தான் வெட்ட முடியும். பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆக, முன்னால் நிற்கும் ஆட்டின் உயிர் பின்னால் நிற்கும் ஆட்டின் கையில் இருக்கிறது.

கூடைப்பந்தில் பந்து வைத்திருப்பவர்தான் புலி. அவருக்கு எதிரே நிற்பவர் முதல் ஆடு. மற்ற நான்கு பேர் பின்னால் புள்ளிகளை நிரப்பும் ஆடுகள். முதல் ஆடு எவ்வளவு கெட்டியாக நின்றாலும் சில தடவை தாண்டப்படும். தொழில்முறை ஆட்டக்காரர்களே தாண்டப்படுகிறார்கள். தாண்டி வந்தவருக்கு அடுத்த புள்ளி காலியாகக் கிடைக்கிறதா, ஆள் நிற்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: தடுப்பாட்டத்தின் வேலை இடத்தை அடைப்பது. அதைச் செய்வது ஒருவர் அல்ல, ஐந்து பேர். பந்து கைக்கு வருவது அதனால் கிடைக்கும் பலன்.

## ஆட்டம் பிறந்தபோதே இப்படித்தான்

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் குளிர்காலத்துக்கென்று உள்ளரங்க ஆட்டம் ஒன்றைத் தேடினார். கெட்டித் தரையில் ஆளை மடக்கி வீழ்த்தினால் கை கால் முறியும். பந்தோடு ஓடுகிறவனைத்தானே வீழ்த்த வேண்டியிருக்கிறது, பந்தோடு ஓடவே கூடாது என்று விதி வைத்தால் வீழ்த்தும் தேவையே போய்விடுமே என்று அவர் யோசித்தார். அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று, தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, இடறிவிடுவது, அடிப்பது எல்லாவற்றையும் தடை செய்கிறது.

கபடியில் பாடி வருகிறவனைப் பிடித்து அமுக்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. பிடிக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது என்றால் தடுப்பவருக்கு மிச்சம் இருப்பது, எங்கே நிற்பது என்ற ஒன்றுதான். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் இந்த ஆட்டம் நம் ஊருக்கும் வந்தது. 1920-இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது.

## முதல் ஆடு: பந்துக்கு எதிரே நிற்பவர்

முதலில் நிற்கும் முறை. இதை ஸ்டான்ஸ் என்பார்கள். கால்கள் தோளை விடச் சற்று அகலமாக, முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, உடல் எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். "நாற்காலி நுனியில் உட்கார்ந்திரு, ஆனால் நாற்காலி கிடையாது" என்று சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு, இடுப்பை வளைத்துக் குனிவது. குனிந்தவனால் தரையைத்தான் பார்க்க முடியும். மடங்க வேண்டியது முழங்கால்.

அடுத்தது தூரம். பந்து வைத்திருப்பவருக்குத் தான் என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும். தடுப்பவருக்கு அது கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும். கண்ணில் பட்டதற்கு உடம்பு பதில் சொல்ல ஏறக்குறைய கால் விநாடி ஆகிறது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்தத் தாமதம் முழுவதும் ஒழியாது. ஒட்டி நின்றால் அந்தக் கால் விநாடியில் அவர் நம்மைக் கடந்துவிடுவார். ஒரு கை நீளம் தள்ளி நின்றால், தாமதமாகக் கிளம்பினாலும் வழியில் போய் நிற்க அவகாசம் கிடைக்கிறது. எதிராளி அபார வேகம் என்றால் இன்னும் அரை அடி விலகலாம். எட்டத்திலிருந்து நன்றாகப் போடுபவர் என்றால் நெருங்க வேண்டும். எத்தனை அங்குலம் என்று நானே சொல்லிவிடாமல் பிள்ளைகள் ஆடிப் பார்த்துக் கண்டுபிடிக்க விடுகிறேன்.

மூன்றாவது, எந்தப் பக்கம் நிற்பது? எப்போதும் எதிராளிக்கும் ரிங்குக்கும் நடுவில். இதில் ஒரு வடிவக்கணிதச் சலுகை ஒளிந்திருக்கிறது. செக்கைச் சுற்றும் மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளி வட்டத்தில் நடக்கும் மாட்டுக்கு அடிகள் அதிகம், உரலை ஒட்டி நடப்பவருக்குக் குறைவு. ரிங்தான் உரல். எதிராளி ரிங்கிலிருந்து 6 மீட்டரில், நாம் 5 மீட்டரில் என்றால், அவர் பக்கவாட்டில் 6 அடி எடுத்து வைக்கும்போது நமக்கு 5 அடி போதும். வேகம் குறைந்த பிள்ளை வேகமான பிள்ளையைத் தடுக்க முடிவது இதனால்தான். பந்தைப் பிடுங்கப் பாய்ந்த நொடியிலேயே இந்தச் சலுகை கைவிட்டுப் போய்விடுகிறது. பாய்ந்தவர் வெளிவட்டத்துக்கு வந்துவிட்டார், எதிராளி உள்வட்டத்தில்.

நகரும் முறைக்குப் பெயர் ஸ்லைடு: போகும் திசையில் உள்ள கால் முதலில் போகும், மறு கால் தரையை உந்தித் தள்ளும், கால்கள் பின்னிக்கொள்ளக் கூடாது. சிமென்ட் தரையில் மணல் படிந்திருந்தால் கால் வழுக்கும். எங்கள் பயிற்சி தென்னந்துடைப்பத்தோடுதான் ஆரம்பிக்கிறது. எதிராளி கடந்தே போய்விட்டால் ஸ்லைடு எல்லாம் வேண்டாம். திரும்பி, ரிங்கை நோக்கி ஓடிப்போய் மறுபடி முன்னால் நிற்க வேண்டும்.

கண் எங்கே இருக்க வேண்டும்? பந்து ஏமாற்றும், தலை ஏமாற்றும், தோள் ஏமாற்றும். இடுப்பு மட்டும் உடம்போடுதான் போகும். ஆகவே பார்வை இடுப்பில்.

கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோருக்கு இதுதான் புரிவதில்லை. சர்வதேச விதிப்படி ஒருவர் 5 ஃபவுல், அதாவது விதிமீறல், செய்தால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒரு கால்பகுதியில் அணியின் நான்கு ஃபவுல்கள் தீர்ந்துவிட்டால், ஐந்தாவதிலிருந்து எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும், அதாவது யாரும் தடுக்காமல் நின்று போடும் வாய்ப்பு. பத்து தடவை கையை நீட்டி ஒரு தடவை பந்து கிடைக்கிறது, நாலு தடவை ஃபவுல் ஆகிறது என்றால் அது நஷ்ட வியாபாரம். அதே விதிப்புத்தகம் தடுப்பவருக்கும் ஓர் உரிமை தருகிறது. முதலில் வந்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி, முகம் கொடுத்து நின்றுவிட்டால், அந்த இடமும் அதற்கு நேர் மேலே உள்ள வெளியும் உங்களுடையவை. கையை நேரே மேலே தூக்கி நிற்கலாம். ஓடி வந்து நெஞ்சில் மோதினால் பிழை மோதியவருடையது.

சுருக்கமாக, முதல் ஆட்டுக்கு நான்கு விஷயம்: தாழ்ந்து நில், ஒரு கை தூரம் விடு, ரிங்குக்கும் ஆளுக்கும் நடுவில் இரு, கையை நம்பாமல் காலை நம்பு.

## பின்னால் நிற்கும் ஆடு: ஹெல்ப் என்றால் என்ன?

முன்னால் நிற்பவர் தாண்டப்பட்டால் பின்னாலிருப்பவர் வந்து வழியை அடைப்பதுதான் ஹெல்ப். தடுப்பாட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மேன்-டு-மேன் என்ற பெயரே குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆளுக்கு ஓர் ஆள் என்றதும் பிள்ளைகள் தங்கள் ஆளின் நிழல் மாதிரி ஒட்டிக்கொள்கிறார்கள். அவன் மூலைக்குப் போனால் இவனும் மூலைக்குப் போகிறான். நான்கு பேரும் இப்படி ஒட்டிக்கொண்டால் நடுவில் நெடுஞ்சாலை மாதிரி ரிங் வரை வழி திறந்து கிடக்கும். புலிக்கு எல்லாப் புள்ளியும் காலி.

மேன்-டு-மேன் என்பதன் உண்மையான பொருள் வேறு. என் ஆளுக்கு நான் பொறுப்பு, பந்துக்கு ஐந்து பேரும் பொறுப்பு. என் ஆளிடம் பந்து இல்லாதபோது நான் எங்கே நிற்பது என்பதற்கு ஒரு முக்கோணம் இருக்கிறது. ஒரு முனையில் பந்து, ஒரு முனையில் என் ஆள், மூன்றாவது முனையில் நான். தலையைத் திருப்பாமல் இரண்டையும் பார்க்கிற இடத்தில் நிற்க வேண்டும். ஒரு கையால் பந்தையும் மறு கையால் ஆளையும் சுட்டிக்காட்டச் சொல்வேன். இரண்டு கையும் சரியாகச் சுட்டினால் நிற்கும் இடம் சரி. பார்க்கத் தெருக்கூத்து முத்திரை மாதிரி இருக்கும், ஆனால் இதை விட எளிதாகக் கற்றுத்தரும் வழி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆளை விட்டு எவ்வளவு தூரம் விலகலாம்? பந்து அவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. கோர்ட்டின் அகலம் 15 மீட்டர். பந்து வலது ஓரத்தில், என் ஆள் இடது ஓரத்தில் என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அங்கிருந்து இங்கே பந்தை வீச வேண்டுமானால் மேலே தூக்கித்தான் வீச முடியும். அது வந்து சேர ஒரு விநாடி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒரு விநாடியில், தயாராக நிற்கும் பிள்ளை மூன்று மீட்டர் தாராளமாக ஓடிவிடும். அப்படியானால் அந்த மூன்று மீட்டரை நான் கடன் வாங்கலாம்: என் ஆளை விட்டு நடுப்பக்கம் வந்து, ரிங்குக்கு முன்னால் வழியை அடைத்து நிற்கலாம். பந்து காற்றில் வரும்போது ஓடிப்போய்க் கடனைத் திருப்பிவிடலாம். பந்து இல்லாத இந்தப் பக்கத்துக்குத்தான் ஹெல்ப் சைடு என்று பெயர். பந்து பக்கத்து ஆளிடமே, அதாவது ஒரு பாஸ் தூரத்தில் இருந்தால் கடன் கொஞ்சம்தான் கிடைக்கும், ஓர் எட்டு அல்லது இரண்டு எட்டு.

இதில் ஒரு சூட்சுமம்: பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே ஐந்து பேரும் நகர வேண்டும். எதிராளி பிடித்த பிறகு நகர்ந்தால், காற்றில் பந்து இருந்த அந்த ஒரு விநாடியும் வீண். சின்னப் பிள்ளைகள் எல்லோரும் பந்து பறப்பதை வேடிக்கை பார்ப்பார்கள், பிடித்ததும் பதறி ஓடுவார்கள். இந்தப் பழக்கம் மாற மாதக்கணக்கில் ஆகும். மாறிய அன்று அணியே வேறு அணியாகிவிடும்.

ஓடிப்போய் ஆளை அடைவதற்கும் முறை உண்டு. க்ளோஸ் அவுட் என்பது அதன் பெயர். முக்கால் தூரத்தை முழு வேகத்தில் ஓடி, கடைசியில் குட்டிக் குட்டி அடிகளாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை மேலே தூக்கி நிற்பது. நிற்காமல் பாய்ந்து போனால் எதிராளி ஒரு பாவனை காட்டிவிட்டுப் பக்கத்தில் நழுவிவிடுவார்.

சரி, ஹெல்ப்புக்குப் போனவரின் ஆள் தனியாகிவிட்டாரே? அவரை இன்னொருவர் வந்து பார்க்க வேண்டும், அந்த இன்னொருவரின் இடத்தை மற்றொருவர் நிரப்ப வேண்டும். இந்தச் சுழற்சிதான் ரொட்டேஷன். ஆடுபுலிப் பலகையில் ஓர் ஆட்டை நகர்த்தினால் அது விட்டுப்போன புள்ளியைக் கவனிக்கிறோம் அல்லவா, அதேதான். ஆனால் பலகையில் ஆடுகளை நகர்த்துவது ஒரே மூளை. கோர்ட்டில் ஐந்து மூளைகள். அவற்றைச் சேர்த்துக் கட்டும் கயிறு பேச்சு. "பால்! பால்!" என்று ஒருவர் சொன்னால் பந்துக்கு எதிரே தான் நிற்பதாகப் பொருள். "ஹெல்ப் இருக்கு, லெஃப்ட்ல இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் முன்னால் நிற்பவருக்குத் தைரியம் வருகிறது. பேசாத பிள்ளைகளைப் பேச வைப்பது ஸ்டான்ஸ் சொல்லித்தருவதை விடக் கடினம். வகுப்பில் "வாயை மூடு" என்று கேட்டுப் பழகிய பிள்ளைகள் அவர்கள்.

இந்தப் பகுதியிலிருந்து நினைவில் வைக்க வேண்டியது இரண்டுதான். பந்து தூரத்தில் இருந்தால் ஆளை விட்டு விலகி உள்ளே வா. பந்து கிளம்பும்போதே நீயும் கிளம்பு.

## பந்து கைக்கு வந்தால்தான் முடிவு

எதிராளி போட்ட பந்து ரிங்கில் பட்டுத் தெறித்ததும் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது பாக்ஸ் அவுட்: தன் ஆளைத் தேடி, முதுகைக் கொடுத்து, அவருக்கும் ரிங்குக்கும் நடுவில் அகலமாக நிற்பது. பிறகுதான் பந்து. இருபது விநாடி அருமையாகத் தடுத்துவிட்டு இதை விட்டால் எதிராளி அதே பந்தை எடுத்து மறுபடி போடுவார்.

அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்பிஏவில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 பருவங்களில் 11 பட்டம் வென்ற பில் ரஸ்ஸலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எதிராளி போடும் பந்தைத் தட்டிவிடுவதில் அவர் மன்னர். ஆனால் கூட்டம் கைதட்டட்டும் என்று கோர்ட்டுக்கு வெளியே அறைந்து தள்ள மாட்டார். மெதுவாகத் தட்டித் தன் அணிக்காரர் கையில் விழ வைக்கப் பார்ப்பார். வெளியே போன பந்து எதிரணிக்கே திரும்பக் கிடைக்கும். உள்ளே விழுந்த பந்து நமக்கு.

## ஸோன் ஏன் இப்போதைக்கு வேண்டாம்?

ஆளுக்குப் பொறுப்பேற்காமல் இடத்துக்குப் பொறுப்பேற்று நிற்பது ஸோன். பத்து வயதுப் போட்டிகளில் இதை ஆடும் அணி அடிக்கடி ஜெயிக்கும். அந்த வயதில் எட்டத்திலிருந்து போடவும், குறுக்கே நீளமாக வீசவும் கையில் பலம் இருக்காது. ஐந்து பேரும் ரிங்கடியில் போய் நின்றுகொண்டால் எதிரணி திணறிவிடும். கோப்பை கிடைக்கும். ஆனால் ஸ்லைடு, முக்கோணம், க்ளோஸ் அவுட் எதுவும் தெரியாமல் அந்தப் பிள்ளைகள் பதினாறு வயதுக்கு வருவார்கள். அப்போது எதிரணிக்குக் கையில் பலம் வந்திருக்கும்.

இதனால்தான் என்பிஏவும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பான யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் சேர்ந்து வெளியிட்ட சிறுவர் ஆட்ட நெறிமுறை 11 வயது வரை ஸோன் கூடாது என்கிறது. ஜப்பான் 2016-இல் 15 வயது வரைக்கும் மேன்-டு-மேன் மட்டுமே என்று விதி கொண்டுவந்தது. ஸோன் கெட்ட முறை என்று நான் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிறகு சுருக்கெழுத்துக் கற்றுக்கொள்ளலாம்.

## எப்படிச் சொல்லித்தருவது?

கையை மறக்க வைப்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு துண்டைக் கழுத்துக்குப் பின்னால் போட்டு இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, பந்து தட்டுபவரை ஸ்லைடு செய்தே மறிக்க வேண்டும். கை கட்டப்பட்டதும் கால் தானாகவே வேலை செய்யத் தொடங்குகிறது. ஒரு தடவைக்கு இருபது விநாடி போதும். சின்ன முழங்கால்களை நிமிஷக்கணக்கில் மடக்கி வைப்பது பயிற்சி இல்லை, தண்டனை.

அடுத்த படி ஷெல் டிரில். தாக்க நால்வர், தடுக்க நால்வர். தாக்குபவர்கள் முதலில் பந்தைத் தட்டவே கூடாது, ஒருவருக்கொருவர் பாஸ் மட்டும். ஒவ்வொரு பாஸுக்கும் தடுப்பவர்கள் நால்வரும் இடம் மாற வேண்டும். நான் "நில்!" என்றதும் சிலையாக நிற்பார்கள். முக்கோணம் சரியா என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் திருத்துவார்கள். வாரக்கணக்கில் இதைச் செய்த பிறகு தட்டிக்கொண்டு உள்ளே வர அனுமதிப்பேன். அப்போது ஹெல்ப்பும் ரொட்டேஷனும் தேவைப்படும். அவை ஏன் என்று அதற்குள் அவர்களுக்கே புரிந்திருக்கும்.

புள்ளிக் கணக்கையும் மாற்றி வைக்கலாம். கூடையில் போட்டால் புள்ளி கிடையாது, தொடர்ந்து மூன்று தடவை எதிரணியைத் தடுத்தால்தான் ஜெயம். அன்றைக்குப் பிள்ளைகள் ரீபவுண்டுக்காக, அதாவது ரிங்கில் பட்டுத் தெறிக்கும் பந்துக்காக, சண்டை போடுவதைப் பார்க்க வேண்டுமே!

போட்டியின்போது ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். யார் எத்தனை கூடை போட்டார்கள் என்பதை ஸ்கோர் ஷீட் சொல்லிவிடும். நான் குறிப்பது வேறு. உள்ளே வந்த எதிராளி, வழியில் ஆள் நிற்பதைப் பார்த்துத் தயங்கிப் பந்தைத் திருப்பி வெளியே கொடுத்தால், அங்கே நின்ற பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு கோடு.

போன மாதம் ஒரு பயிற்சி ஆட்டம் முடிந்ததும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் அம்மா வந்தார். "பந்தே இவகிட்ட வரலயே சார், சும்மா நின்னுட்டு வந்துட்டாளா?" என்று கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது. நோட்டைத் திறந்து அவர் மகளின் பெயரைக் காட்டினேன். ஏழு கோடுகள். ஒவ்வொரு கோடும் என்ன என்று சொன்னபோது, தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்ற அந்தப் பெண் குறுக்கே வந்தாள்: "எட்டு சார். செகண்ட் ஆஃப்ல ஒண்ணை நீங்க பாக்கல."